இரண்டு கணுக்காலுக்கும் ஒரு துணி

முட்டி வலி என்று சொல்லிப் பாருங்கள், யாரும் பதறமாட்டார்கள். "எனக்குந்தான் இருக்குது" என்பார்கள். சர்க்கரை என்றால் ஒரு மரியாதை உண்டு. நெஞ்சு வலி என்றால் ஊரே திரண்டு வரும். முட்டி வலிக்காரிக்கு ஒரு சாத்துக்குடிகூட யாரும் வாங்கி வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குணமாகிவிட்டு எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். உட்கார்ந்த இடத்தில் வேறு வேலை இல்லை, எழுதுகிறேன்.

கடத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் அங்கன்வாடி டீச்சர். பெயர் சரோஜா. எங்கள் மையத்தில் நாற்காலி ஒன்று இருக்கிறது, மேலதிகாரிகள் வந்தால் போடுவதற்கு. எனக்கு அது ஆகாது. இரண்டு வயசுப் பிள்ளை நாற்காலியில் இருப்பவளிடம் வராது. தரையில் சம்மணம் போட்டால்தான் மடிக்கு வரும். சோறு ஊட்டுவது, மூக்குத் துடைப்பது, எடை பார்ப்பது, பாட்டுப் பாடுவது எல்லாம் தரையில்தான். உட்கார்வதும் எழுவதுமாகவே என் உத்தியோகம் ஓடியது. ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருந்தது. அதுவரைக்கும் தரையில் உட்கார்ந்து, தானாக எழுந்துகொள்ள வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் சத்தம்தான் வந்தது. எழும்போது இடது முட்டிக்குள் மண்ணை அரைப்பதுபோல் நறநறவென்றது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு படி இறங்கும்போது வலித்தது. பிறகு காலையில் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்ததும், அது என் கால்தானா என்று சந்தேகம் வந்தது. ஊர் முழுக்க வைத்தியர்கள். எருக்கிலை வை என்றார்கள், நொச்சித் தண்ணீர் ஊற்று என்றார்கள், பிரண்டைத் துவையல் தின்னு என்றார்கள். என் கணவர் சேலம் போனவர் முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்து, மிளகு தட்டிப் போட்டுத் தானே சூப்பு வைத்துக் கொடுத்தார். ஆட்டுக்கால் சூப்பு மாதிரி ருசியாக இருந்தது. முட்டி மட்டும் முன்பு இருந்தபடியே இருந்தது.

என் கணவர் மாதையனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்ட காடு கொஞ்சம், கறவை மாடு, கன்றுக்குட்டி, இதுதான் அவர் உலகம். பேச்சு குறைவு. நான் பேசுகிற பேச்சில் அவருக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை என்று என் அத்தை, அதாவது அவரைப் பெற்றவர், சொல்வார். அத்தைக்கு எண்பது தாண்டியிருந்தது. அந்த வயதிலும் குத்தவைத்து வாசல் கூட்டுவார், குத்தவைத்தே பால் கறப்பார், பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போவார்.

"புள்ளைங்களுக்குப் பாட்டுப் பாடறவளுக்குக் காலு வலிக்குதாம். பாட்டு வாயாலதான பாடற?" என்று கேட்பார்.

எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் எழுந்து போகிற வேகத்தைப் பார்த்தால் பொறாமைதான் மிஞ்சும்.

ஒரு நாள் முட்டி வீங்கியது. சேலையைத் தூக்கிப் பார்த்தால் சின்னச் சுரைக்காய் அளவுக்கு இருந்தது, தொட்டால் சுட்டது. லேசாகக் காய்ச்சலும் இருந்தது. பைக்கில் என்னைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, கால் எங்கேயும் இடித்துவிடாமல் ஊர்ந்து ஊர்ந்து அரூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் மாதையன்.

காத்திருக்கும் இடத்தில் பாதிப் பேர் என்னைப்போல முட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பெயர் கூப்பிட்டால் எழுவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது. ஒருத்தி சாமி பெயரைச் சொல்லி எழுந்தாள். ஒருவர் யாரையோ திட்டிக்கொண்டு எழுந்தார். நான் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து எழுந்தேன். பிடித்த பிறகுதான் அது என் கணவர் இல்லை என்று தெரிந்தது. அந்த மனிதர் நல்லவர், "பரவால்லீங்க, புடிச்சிக்கோங்க" என்றார்.

எக்ஸ்ரேயை நிற்கவைத்துத்தான் எடுத்தார்கள். படுத்தால் உடம்பின் பாரம் முட்டியில் விழாது, குறை தெரியாதாம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற இடத்தில் வழவழப்பாக ஓர் உறை இருக்கும், குருத்தெலும்பு என்று பெயர். கோழிக்கால் கடிக்கும்போது முனையில் வெள்ளையாக வருமே, அதுதான். படத்தில் அது தெரியாது, அது இருக்க வேண்டிய இடம் மட்டும் இடைவெளியாகத் தெரியும். என் இடது முட்டியில் உள்பக்கம் அந்த இடைவெளி ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது.

"தேஞ்சது திரும்ப வளராதுங்கம்மா" என்றார் டாக்டர். "அத முதல்ல மனசுல வெச்சுக்கோங்க."

"அப்ப நான் என்னாத்துக்குங்க இங்க வந்தேன்?" என்று கேட்டுவிட்டேன். மாதையன் என் கையைக் கிள்ளினார்.

டாக்டர் சிரித்தார். தேய்ந்த முட்டியோடும் நடக்கலாம் என்றார். தொடைச் சதை பலமாக இருந்தால் பாரத்தை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், முட்டிக்கு வேலை குறையும். எனக்குத் தொடைச் சதை தளர்ந்து போயிருந்தது. வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்தேன், அசைக்காததால் சதை இளைத்தது, இளைத்ததால் வலி கூடியது. மூட்டு மாற்றுகிற ஆபரேஷனுக்கு இன்னும் காலம் இருக்கிறது, சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லை, முதலில் உடற்பயிற்சி என்றார். முட்டிக்குள் கோத்திருந்த நீரை ஊசியால் இழுத்தார்கள். மஞ்சளாக, எண்ணெய் மாதிரி வந்தது. அதில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்று வார்டில் சேர்த்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் தீர்த்தமலை அடிவாரத்து அம்மா ஒருவர். தேங்காய், கற்பூரம் விற்கிறவர். இரண்டு முட்டியும் போய்விட்டது.

"மல ஏறிப் பல வருசமாச்சு கண்ணு. தெனமும் சாமி கும்பிடறவங்களுக்குத் தேங்கா குடுக்கறேன். நான் மேல போறதில்ல. வேணும்னா அவரு எறங்கி வரட்டும்னு உட்டுட்டேன்" என்றார். வார்டே சிரித்தது. சிரித்து முடித்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. இவரைப்போலத்தான் நானும் ஆகப்போகிறேன் என்று தோன்றியது.

மாதையன் தினமும் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு பஸ் பிடித்து வருவார். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் தூக்குச் சட்டியில் இருக்கும். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடு எப்படி என்று கேட்டால் "இருக்குது" என்பார். அத்தை எப்படி என்று கேட்டாலும் "இருக்குது" என்பார். காப்பீட்டு அட்டையில் சேர்ந்தது போக மிச்சச் செலவுக்குக் கிழங்குப் பணம் போனது.

நீரில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு என்னைப் பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்ணின் பெயர் நந்தினி. என் மகளைவிடச் சின்னவள், ஆனால் அதட்டல் என் அத்தையைவிடப் பெரிது. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அதை அழுத்தச் சொன்னாள். காலை நீட்டியபடி மேலே தூக்கி நிறுத்தச் சொன்னாள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொன்னாள். கேட்கச் சுலபமாக இருக்கும். துண்டை அழுத்துவதற்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, செய்த வலி மறுநாள் வரை நின்றால்தான் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். இடுப்புப் பக்கத்துச் சதையும் சேர்ந்து பலமானால்தான் நடக்கும்போது முட்டி உள்பக்கம் சாயாதாம். அதற்கு மல்லாந்து படுத்து, இரண்டு கணுக்காலையும் சேர்த்து ஒரு துணியால் கட்டி, கட்டை மீறி இரண்டு காலையும் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். கால் நகராது, சதைதான் வேலை செய்யும்.

"ரப்பர் பட்டையெல்லாம் வேணாம்மா. பழைய வேட்டில ஒரு துண்டு கிழிச்சுக்கோங்க. உங்களால குனிஞ்சு கட்ட முடியாது. ஐயா, நீங்க கத்துக்கோங்க."

மாதையன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நந்தினி கட்டிக் காட்டினாள். நான் காலை வெளியே தள்ளினேன், முடிச்சு இறுகிக் கணுக்கால் எலும்பில் அழுந்தியது, கத்திவிட்டேன். மாதையன் அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே அவிழ்த்து வேறு மாதிரிக் கட்டினார். கன்றுக்குட்டி கழுத்துக்குப் போடுகிற முடிச்சு அது. கன்று எவ்வளவு இழுத்தாலும் கழுத்தை இறுக்காது, அவிழவும் அவிழாது. நந்தினி பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கே" என்றாள். அவர் காதெல்லாம் சிவந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய பழைய நாலு முழ வேட்டியில் அளவு பார்த்து ஒரு துண்டு கிழித்து, ஓரம் பிரியாமல் இருக்க ஊசி நூலால் தைத்தார். காலையில் அத்தை மாட்டுக் கொட்டகையில் இருக்கிற நேரம், நடுக்கூடத்தில் கட்டில் மேல் நான் படுத்துக்கொள்வேன். அவர் என் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டிவிடுவார். நான் தள்ளுவேன். போதும் என்றால் அவிழ்த்துவிடுவார்.

"கல்யாணம்னா கால்கட்டுன்னு சொன்னாங்க, நீங்க நெசமாவே கட்டறீங்களே" என்று சொன்னேன் ஒரு நாள். அவர் சிரித்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பேசாத மனிதர் சத்தம் போட்டுச் சிரித்தால் வீடே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆரம்பத்தில் ஒன்றும் மாறவில்லை. செய்தாலும் வலி, செய்யாவிட்டாலும் வலி. வெறுத்துப்போய் விட்டுவிடலாம் என்பேன், அவர் துணியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். சில வாரம் கழித்து ஒரு காலையில் சட்டியை எடுக்க எழுந்தவள், அடுப்படிக்குப் போன பிறகுதான் நாற்காலிப் பிடியைத் தொடாமலே எழுந்து வந்திருக்கிறேன் என்று உணர்ந்தேன். திரும்பிப் போய் உட்கார்ந்து மறுபடி எழுந்து பார்த்தேன். அங்கன்வாடியில் குட்டி முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். தரைக்கும் எனக்கும் இடையில் இனி ஒரு சாண்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு நம்பிக்கை இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

அன்று மழை. அத்தை மாட்டுக் கொட்டகையிலிருந்து சீக்கிரம் உள்ளே வந்துவிட்டார். நான் மல்லாந்து படுத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காலைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். இரண்டு காலும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருக்கிறது. கால்மாட்டில் அவர் மகன் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் மனிதர் கண்ணை மூடி, கால் இரண்டையும் சேர்த்துக் கட்டி நடுவீட்டில் கிடப்பது ஒரே ஒரு நாள்தான். உயிர் போனதும் கால் விறைத்து அகன்றுவிடாமல் இருக்கக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள்.

அத்தையின் கையிலிருந்த பால் சொம்பு விழுந்தது. பார்த்த மாத்திரத்தில் நான் போய்விட்டேன் என்றே நினைத்துவிட்டார், பாவம். நான் கண்ணைத் திறந்து "அத்தை" என்றதும் அழுகை கோபமாகத் திரும்பியது.

"உசுரோட இருக்கறவளுக்கு நடு வூட்டுல காலக் கட்டுவியாடா? என்ன குடும்பம்டா இது? எந்தப் பாவி சொல்லிக் குடுத்தா?"

"வைத்தியம்மா அது. டாக்டர் சொன்னது" என்றார் மாதையன்.

"டாக்டரு வூட்டுல கட்டிப் படுக்கச் சொல்லு! கட்டன காலு வாசலத் தாண்டாம அவுழாதுடா!"

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. தாயத்துக் கட்டினால் வயிற்றுப்போக்கு நிற்காது என்று காலமெல்லாம் ஊர்த் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான். "துணிக்கு என்ன தெரியும் அத்தை, கட்டுனது யாருன்னு?" என்றேன். அன்றிலிருந்து அத்தை என் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தோம். துணி அந்த அறையின் சன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருக்கும். அத்தை அந்தச் சன்னல் பக்கமே வரமாட்டார்.

அடுத்த மாதமே அத்தை போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, கொஞ்சம் மயக்கமாக இருக்கிறது என்று சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான். நோய் இல்லை, படுக்கை இல்லை. எண்பது தாண்டிய உயிர், பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டது. கல்யாணச் சாவு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், முதலில்.

ஊர் கூடிவிட்டது. பெண்கள் எல்லாரும் அத்தையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வீட்டு மருமகள் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்தால் யாராவது தூக்கிவிட வேண்டும். மருமகள் அத்தை தலைக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று வருகிறவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அழுதார்கள்.

பங்காளி முறையில் பெரியவர் ஒருவர் அவசரப்படுத்தினார். "வெறைக்கறதுக்குள்ள காலக் கட்டுங்கப்பா. வெள்ளத் துணி ஒண்ணு கொண்டாங்க."

பக்கத்து வீட்டுப் பெண் அறைக்குள் ஓடினாள். சன்னல் கம்பியில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணி, கிழித்து ஓரம் தைத்து, வேண்டிய நீளத்தில் தயாராக இருக்கிறது. அவளுக்கு என்ன தெரியும்? எடுத்து வந்து மாதையன் கையில் கொடுத்துவிட்டாள்.

அவர் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் கத்தியிருக்க வேண்டும். என் வாய் எதற்கெல்லாமோ திறக்கும், அன்று திறக்கவில்லை. பெரியவர் "ம், ஆவட்டும்" என்றார். மாதையன் குனிந்து தன் அம்மாவின் கட்டைவிரல்களைச் சேர்த்துப் பிடித்துக் கட்டினார்.

"ஏம்ப்பா மாதையா, இதென்ன கன்னுக்குட்டிக்குப் போடற முடிச்சு? நிக்காது. அவுத்துட்டு இறுக்கிப் போடு."

அவர் கை பழக்கத்தில் அந்த முடிச்சைத்தான் போட்டிருந்தது. அவிழ்த்தார். இறுக்கிக் கட்டினார். இழுத்து இழுத்து, பெரியவர் போதும் என்று சொல்கிற வரைக்கும் இறுக்கினார்.

எனக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "உசுரோட இருக்கறவ கட்டிக் கட்டிப் பழகுனா, அது யாரையாச்சும் கூப்புடாம வுடுமா?" அத்தை யாரிடமோ சொல்லியிருக்கிறார் போல. திரும்பிப் பார்க்கவில்லை நான். திரும்பியிருந்தால் சண்டை வந்திருக்கும், சாவு வீட்டில் அது வேறு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் லீவு முடிந்து கிளம்பினான், மகளும் போய்விட்டாள். மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு மாதையன் அறைக்குள் வந்தார். நான் பழைய காட்டன் சேலையில் ஒரு துண்டு கிழித்து வைத்திருந்தேன், வேண்டுமென்றே பச்சைக் கலர். அவர் கால்மாட்டில் உட்கார்ந்து என் இரண்டு பாதத்தையும் சேர்த்தார். துணியை ஒரு சுற்றுச் சுற்றினார். எடுத்துவிட்டார். மறுபடி சுற்றினார்.

"எனக்குக் கை வரல சரோஜா."

"அத்தை வயசாகிப் போனவங்க. துணிக்கும் அதுக்கும் என்னங்க இருக்குது?"

"எனக்குத் தெரியாதா? ஒண்ணுமில்லதான்." குனிந்து என் காலைப் பார்த்தார். "ஆனா சேத்து வெச்சா உன் காலு தெரியல எனக்கு. அம்மா காலுதான் தெரியுது. அப்புறம் அது மேல ஏறிப் பாத்தா உன் மொகம் இருக்குது."

துணியை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் அவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை.

நானே செய்து பார்க்காமல் இல்லை. துணியை வளையமாக முடிந்து காலை நுழைத்துக்கொண்டேன், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டீ கொண்டு வந்தவர் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனார், மதியம் சோறு தின்ன வரவில்லை. இன்னொரு நாள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு செய்தேன். கதவைத் திறந்தால் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பிடிவாதத்தில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் அந்த முகத்தோடு எப்படிச் சண்டை போடுவது? விட்டுவிட்டேன். அந்த ஒன்றை விட்டதும் மற்றதும் ஒவ்வொன்றாக நின்றது. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கினாலே அவர் வெளியே எழுந்து போய்விடுவார்.

என் மனசும் சுத்தம் என்று சொல்லமாட்டேன். அறிவு ஒன்று சொல்கிறது. ஆனால் அத்தை கடைசியாக என்னிடம் பேசியது அந்தத் துணியைப் பற்றித்தான் என்பது நினைவுக்கு வந்தால், அறிவு போன இடம் தெரிவதில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி ஊரில் யாரும் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். தண்ணீர் கேட்பதற்கு முன்னால் வரும். குளிக்க வெந்நீர் விளாவி வைத்திருப்பார். ஓட்டை வைத்த நாற்காலி வாங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டார், பாத்ரூம் வரைக்கும் நடக்கக் கூடாதாம். எழுந்தால் "எங்க போற, நான் எடுத்தாறேன்" என்று ஓடி வருவார். நான் படுத்திருக்கையில் இரண்டு காலும் சேர்ந்திருந்தால், வந்து நடுவில் ஒரு தலையணை வைத்துவிட்டுப் போவார். நானும் வாங்கிக்கொண்டேன். அவர் பயத்துக்கு நான் கொடுக்க முடிந்தது அதுதான். நடக்காத கால் இளைத்துக்கொண்டே வந்தது.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? முட்டி மறுபடி வீங்கியது. அங்கன்வாடியில் முக்காலி போய் நாற்காலி வந்தது. பிள்ளைகள் உதவியாளரிடம் போய்விட்டார்கள். நான் கூப்பிட்டால் தூரத்தில் நின்று பார்க்கிறார்கள். ஒரு குழந்தை விழுந்தது, நான் எழுவதற்குள் அது தானே எழுந்து அழுது முடித்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் மேற்பார்வையாளர் அம்மாவுக்குப் போன் செய்து, இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்றார். யோசித்துத்தான் சொன்னேன் என்றேன். போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். மாதையன் ஓடி வந்து, எங்கே வலிக்கிறது என்று முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

போன வாரம் மறுபடி அரூர் ஆஸ்பத்திரி. அதே பெஞ்சு, அதே முட்டிகள். டாக்டர் வலிக்கு மாத்திரை எழுதிவிட்டுப் பயிற்சி அறைக்கு அனுப்பினார். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். மாதையன் என்னை உள்ளே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். நந்தினி அவருக்கு முதுகு காட்டி இருந்தாள்.

"அம்மா, கை ஊனாம எந்திரிங்க பாக்கலாம்."

முயற்சி செய்தேன். இடுப்பு கொஞ்சம் மேலே வந்தது, தொடை நடுங்கியது, தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அவள் டேப் எடுத்து என் தொடையைச் சுற்றி அளந்தாள். பழைய அளவைப் பார்த்தாள். அதட்டுவாள் என்று காத்திருந்தேன், அதட்டவில்லை.

"என்னம்மா இது? நல்லா வந்துட்டு இருந்தீங்களே. வூட்ல செய்யறதே இல்லையா?"

"இல்ல கண்ணு."

"ஏன், கட்டி வுட ஆளில்லையா? ஐயா வந்து அவ்வளவு அழகா கத்துக்கிட்டாரே. அவரு எங்க?"

கதவோரம் நிற்கிறவரைப் பார்த்தேன். என் செருப்பு இரண்டையும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"அவரு வரல" என்றேன்.

துணியை வளையமாகத் தைத்துக்கொண்டால் நானே மாட்டிக்கொள்ளலாம் என்று நந்தினி சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, சரி என்று தலையாட்டினேன். அடுத்தவரின் சீட்டை எடுக்க அவள் உள்ளறைப் பக்கம் போனாள்.

மாதையன் வந்து என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவருக்கு முட்டியில் ஒரு குறையும் இல்லை. இடது காலைத் தூக்கிச் செருப்பை மாட்டினார். பிறகு வலது காலைத் தொடுவதற்கு முன்னால், மாட்டிய காலை மெல்லப் பிடித்து ஒரு சாண் தள்ளி வைத்தார்.